படிக்க மட்டும் அனுமதித்த கோப்பை இன்னொருவர் எப்படி அழிக்க முடிந்தது?

கேள்வி:
எங்கள் அச்சகத்தில் உபுண்டு நிறுவிய ஒரே கணினியை நான்கு பேர் தனித்தனிப் பயனர் கணக்குகளில் பயன்படுத்துகிறோம். நால்வரும் ஒரே குழுவில் இருக்கிறோம். பொதுக் கோப்புறைக்கு 770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை) என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்த திருமண அழைப்பிதழ்களில் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கோப்புகளுக்கு மட்டும் 444 (எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும்) என்று அமைத்தேன். அப்படியிருந்தும், புதிதாகச் சேர்ந்தவர் நேற்று தெரியாமல் ஒன்றை அழித்துவிட்டார். எழுதும் உரிமையே இல்லாதவரால் இது எப்படி முடிந்தது?

மறுமொழி 1:
ஐயா, லினக்ஸில் கோப்புறை என்பது பெயர்களை எழுதி வைத்த பேரேடு போன்றது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்) இருக்கும். உள்ளடக்கம் வேறிடத்தில் இருக்கும். கோப்பை அழிப்பதென்பது அந்தப் பேரேட்டில் ஒரு வரியை அடிப்பதுதான் என்பதால், கோப்புறையில் எழுதும் உரிமை உள்ள எவரும் அதைச் செய்யலாம். கோப்புக்கு நீங்கள் கொடுத்த 444 அங்கே பார்க்கப்படுவதே இல்லை. முனையத்தில் கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை ஒருமுறை கேட்டுக்கொள்ளும், ஆனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தடுக்காது.

கோப்புறைக்கு 3770 கொடுங்கள். முன்னால் உள்ள 3 என்பது செட்ஜிஐடிக்கு (உள்ளே உருவாகும் கோப்புகளுக்குக் கோப்புறையின் குழுவையே தரும் அமைப்பு) 2, ஸ்டிக்கி பிட்டுக்கு (அழிப்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 1. இனி கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு) ஆகியோர் மட்டுமே அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையான டிஎம்பி (/tmp) 1777 என்று இருப்பதும் இதற்காகவே.

மறுமொழி 2:
உட்கோப்புறைகளைக் கவனியுங்கள். புதிதாக உருவாகும் உட்கோப்புறைக்குச் செட்ஜிஐடி தானாக வரும், ஸ்டிக்கி பிட் வராது. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற கோப்பு வேறொருவர் உருவாக்கியதென்றால், அவர் அதை அழிக்க இயலும் என்பதால், சிஎச்ஓன் (chown) கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நால்வருக்கும் சூடோ (ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளை இடும்) உரிமை இருந்தால் இவ்வளவும் வீண். தயவுசெய்து ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள்.

கேட்டவர்:
செய்துவிட்டேன், மிக்க நன்றி. ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையில் அனுமதி வரிசையின் கடைசி எழுத்து பெரிய 'டி'யாக (T) தெரிகிறது. ஏதேனும் தவறா?

மறுமொழி 1:
தவறில்லை, அது ஸ்டிக்கி பிட்டின் குறி. குழுவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு நுழையும் உரிமை இல்லாதபோது பெரிய எழுத்தாகவும், இருக்கும்போது சிறிய எழுத்தாகவும் காட்டும்.