34 வாரம், பிரஷர், ஹெபடைடிஸ் ஈ: ஐஎன்ஆர் 1.6. வீட்டில் இருக்கலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
அண்ணிக்கு 34 வாரம். பிரஷருக்கு லேபெட்டலால் சாப்பிடுகிறார். ஒரு வாரமாக வாந்தி, கண் மஞ்சள். தண்ணீர் மூலம் பரவும் கல்லீரல் வைரஸான ஹெபடைடிஸ் ஈ-க்கு ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். பிலிருபின் (காமாலை அளவு) 7, எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம்) 1,400, ரத்தம் உறையத் தாமதமானால் ஏறும் ஐஎன்ஆர் 1.6. அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். கீழாநெல்லியும் பத்தியமும் போதும் என்கிறார் அம்மா. பாலக்காடா, கோவையா? கிணற்றை என்ன செய்வது?

பதில் 1:
இன்றைக்கே அட்மிட். பிலிருபினை விடுங்கள், பார்க்க வேண்டியது ஐஎன்ஆர். வைட்டமின் கே ஊசி போட்டும் ஏறினால் கல்லீரல் கைவிடுகிறது என்று அர்த்தம். கடைசி மூன்று மாதத்தில் இந்த வைரஸ் வந்தால் 100க்கு 20–25 பேர் வரை இறக்கிறார்கள். பகலெல்லாம் தூக்கம், பேச்சுக் குழறல், நீட்டிய கை தட்டித் தட்டி விழுவது இருந்தால் மூளையைத் தொட்டுவிட்டது. ரிபாவிரின் என்ற வைரஸ் மருந்து கர்ப்பத்தில் கூடாது. கஞ்சித்தண்ணிப் பத்தியம் வேண்டவே வேண்டாம், சுகர் சட்டென்று இறங்கும். கீழாநெல்லியும் வேண்டாம். ஊர் எதுவானாலும் சரி, ஐசியு, ரத்த வங்கி, பச்சிளங்குழந்தை ஐசியு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பதில் 2:
பிரஷர் இருப்பதால் ஹெல்ப் சிண்ட்ரோம் (கர்ப்பத்தில் கல்லீரல் கெட்டு, பிளேட்லெட் இறங்குவது), கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரல் இரண்டும் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. பிளேட்லெட், எல்டிஎச், கிரியேட்டினின், சுகர் பாருங்கள். அந்த இரண்டு நோயிலும் எஸ்ஜிபிடி பெரும்பாலும் சில நூறில் நிற்கும்; 1,400 வைரஸ் பக்கம் சாய்கிறது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், அவற்றுக்குப் பிரசவமே வைத்தியம். ஈ வைரஸுக்கு அப்படியில்லை. ஐஎன்ஆர் ஏறிய நேரத்தில் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்தால் ரத்தப்போக்குதான் மிஞ்சும்.
லேபெட்டலாலே அபூர்வமாகக் கல்லீரலைக் கெடுக்கும், இன்னொரு பிரஷர் மருந்தான மெத்தில்டோபாவும் அப்படித்தான். நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில் 3:
கிணற்றுக்கு: ஆரம் (அகலத்தில் பாதி) × ஆரம் × 3.14 × நீர் ஆழம், எல்லாம் மீட்டரில். அதை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 1,000 லிட்டருக்கு பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம்; நோய் வந்த வீட்டில் 5 கிராம். 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர், அதாவது 47 கிராம். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டு, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும்.
குடிப்பதற்கு அப்போதும் கொதித்த தண்ணீர்தான், தளதளவென்று ஒரு நிமிடமாவது. ஓட்டலில் பதிமுக வெள்ளம் (பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்) என்று சிவப்பாக வைப்பதை நம்பாதீர்கள். சூட்டைத் தணிக்கப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் நிறத்தில் தெரியாது.
தொற்றி 2 முதல் 10 வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். அதே கிணற்றில் குடிக்கும் வேறு கர்ப்பிணி இருந்தால் இப்போதே ஆஷா ஊழியரிடம் (ஊர் சுகாதாரப் பணியாளர்) சொல்லுங்கள்.