“இன்ஜினியரிங் படிச்சுட்டு ஏன் பேங்க்?”: பி.ஓ. நேர்காணல் பற்றிப் பலரின் அனுபவப் பகிர்வு

பொதுத்துறை பேங்குகளுக்கு அதிகாரிகளைத் (பி.ஓ.) தேர்ந்தெடுக்க ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வில் நேர்காணலுக்கு 100 மதிப்பெண். இறுதிக் கணக்கில் மெயின்ஸுக்கு (முதன்மை எழுத்துத் தேர்வு) 80 சதவீதம், நேர்காணலுக்கு 20. அதாவது உள்ளே 10 மதிப்பெண் கூடினால் கடைசியில் 2 ஏறும். கட்-ஆஃப் தசமப் புள்ளியில் நிற்கிற தேர்வில் அது பெரிய விஷயம்.

பெயர், ஊர் கேட்டு முடித்ததும் “ஏன் பேங்க்?” வந்துவிடும். பி.இ. படித்தவர்கள் தப்பவே முடியாது. பேனலுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: பயிற்சி முடிந்ததும் இந்த ஆள் ஓடிவிடுவாரா, வேலை என்னவென்று தெரிந்துதான் வந்திருக்கிறாரா. “மக்கள் சேவை” என்றால் “அப்போ ஏன் யுபிஎஸ்சி எழுதலை?” என்பார்கள். “சின்ன வயசுக் கனவு” என்றால் “பிறகு எதுக்கு மெக்கானிக்கல் எடுத்தீங்க?”. வேலைப் பாதுகாப்பு உண்மையான காரணம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் அதிலேயே ஆரம்பித்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இருக்காது.

*

மேலே சொன்னது சரி. பதிலில் என்ன வைப்பது என்று பார்த்தால், படித்த படிப்பை கிளையில் நடக்கும் ஒரு வேலையோடு கட்ட வேண்டும். சிவில் என்றால் வீட்டுக்கடன். கட்டுகிற வீட்டுக்குப் பணத்தை மொத்தமாகத் தருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று கட்டடம் எழ எழ விடுவிக்கிறார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எங்கே ஊதியிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் கிளைக்கு வேண்டும். மெக்கானிக்கல் என்றால் பட்டறைக்கான லேத் (கடைசல் இயந்திரம்) கடன்: கொட்டேஷன், மார்ஜின் (கடன் வாங்குபவர் போடும் பங்கு), ஹைப்பாதிகேஷன் (இயந்திரம் அவரிடமே இருக்க, அதையே ஈடாக வைப்பது), தேய்மானம். வேளாண்மை படித்தவர்களுக்கு கிசான் கிரெடிட் கார்டு (விவசாயிகளுக்கான கடன் அட்டை) இருக்கிறது, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாயால் கொண்டுவந்த சொல்லிலிருந்துதான் அடுத்த மூன்று கேள்வி கிளம்பும். “சிறுதொழில்” என்றால் வரையறை கேட்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலுக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறுதொழிலுக்கு 25 கோடி, 100 கோடி. பழைய புத்தகத்தில் இருக்கும் 1 கோடி, 5 கோடியைச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். “விவசாயக் கடன்” என்றால் பேங்க் தரும் கடனில் முன்னுரிமைத் துறைக்கு (விவசாயம், சிறுதொழில் போன்றவை) 40 சதவீதம், அந்த 40-க்குள் வேளாண்மைக்கு 18 என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். “வாராக்கடன்” என்றால் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவை. தெரியாத சொல்லைப் பதிலில் சேர்க்கவே வேண்டாம்.

*

நீளம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐந்தாறு வாக்கியம், ஒரு நிமிடத்துக்குள். மொத்த நேர்காணலே பத்துப் பதினைந்து நிமிடம்தான், இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே கேள்வி விழலாம். கனமான காரணத்தைக் கடைசிக்கு வைத்தால் அது வெளியே வராமலே போகும். குறுக்கே கேள்வி விழும் அந்த இடத்தில்தான் மனப்பாடம் செய்தவர்களும் நின்றுவிடுவார்கள். விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் பதில். தமிழில் யோசித்து உள்ளுக்குள் மொழிபெயர்க்கிறவர்கள் இந்த ஒரு பதிலையாவது சின்னச் சின்ன வாக்கியங்களில் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கண்ணாடி தேவையில்லை, போனில் பதிவு செய்து கேட்டாலே எங்கே இழுக்கிறோம் என்று தெரியும்.

*

துணைக்கேள்வி இரண்டு. “எந்த பேங்க் முதல் விருப்பம்?” இந்தியன் பேங்க் என்றால் தொடங்கியது 1907, தலைமையிடம் சென்னை, 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் பேங்க் இணைந்தது, ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்) என்றால் தொடங்கியது 1937. இதைக்கூடச் சொல்லாவிட்டால் விருப்பம் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும். அடுத்தது “அசாமில் போட்டால் போவீங்களா?”. இதற்கு யோசிக்கிற இரண்டு விநாடியைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். போகிறேன் என்றால் அங்கே மொழிக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஏற்கெனவே பேங்கில் கிளர்க்காக இருப்பவர்களுக்குக் கேள்வியே வேறு: “இந்த சீட்டில் என்ன குறை?”. குறை சொல்லாமல், கடன் அனுமதிக்கும் பொறுப்பு அதிகாரியிடம்தான் இருக்கிறது என்பதிலிருந்து பேசலாம். அலுவலகத்தின் என்ஓசி-யை (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) மறக்க வேண்டாம், நேர்காணல் அன்றே கேட்பார்கள்.