நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன்; வயிற்றுச் சுற்றளவு ஏன் குறையவில்லை?

பாலைநிழல் (கிளிநொச்சி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, உயரம் 155 சென்ரிமீற்றர், இரண்டு பிள்ளைகள். காலை எட்டரை முதல் பின்னேரம் நாலேகால் வரை கதிரையில் இருந்தபடி செய்யும் அலுவலக வேலை. தை மாதத்தில் என் நிறை 71 கிலோவாக இருந்தது. அன்று தொடங்கி, கிழமையில் ஆறு நாட்கள், விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்காவுடன் குளக்கட்டில் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். இரவுச் சாப்பாட்டை முற்றாக நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு மாதங்களில் நான்கு கிலோ குறைந்தது. அதன் பிறகு மூன்று மாதங்களாகத் தராசு 67 இலேயே நிற்கிறது. வயிற்றுச் சுற்றளவு 92 சென்ரிமீற்றர். அது அசையவே இல்லை. அதற்கிடையில் தலைமுடி கொட்டுகிறது, பின்னேரமானால் கால்கள் சோர்ந்து விடுகின்றன.

என் ஒருநாள் உணவு இதுதான்: காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், பத்து மணிக்கு அலுவலகத்தில் தேநீருடன் ஒரு வடை அல்லது ரோல்ஸ், மதியம் சோறு, ஒரு துண்டு மீன், கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, மூன்று மணிக்கு ஒரு தேநீர், வீடு திரும்பியதும் ஒன்று, இரவு படுக்கப் போகும்முன் பால்மா போட்டு ஒன்று. குறைப்பதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. நடையை ஒன்றரை மணித்தியாலம் ஆக்கட்டுமா, அல்லது மதியச் சோற்றையும் நிறுத்தட்டுமா?

விடிவெள்ளி77 (வவுனியா):

சோறு, புட்டு, இடியப்பம், பாண் ஆகிய நான்கையும் அடியோடு நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர் குடியுங்கள். நான் அப்படிச் செய்து முதல் கிழமையிலேயே மூன்று கிலோ குறைந்தேன். இடையில் ஒரு திருமண வீட்டுக்குப் போனதால் விட்டுப் போயிற்று. திரும்பவும் தொடங்க வேண்டும்.

வெள்ளைச்சீருடை:

தங்கச்சி, நான் பதினாறு வருடங்களாகத் தாதியாக வேலை செய்பவள். உங்களைப் போன்ற கேள்வியோடு கிளினிக்குக்கு வரும் பெண்கள் ஏராளம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேநீரைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் ஐந்து கோப்பைத் தேநீர் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் உணவாகக் கணக்கிடவில்லை. எங்கள் வீடுகளில் வழக்கமாகப் போடுவதுபோலக் கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்தால், ஒரு நாளைக்குப் பத்துத் தேக்கரண்டி, ஏறக்குறைய 50 கிராம். ஒரு கிராம் சீனியில் 4 கலோரி என்பதால் 200 கலோரி சீனியில் மட்டும் வருகிறது. உங்கள் நிறையில் ஒரு பெண் 45 நிமிடம் வேகமாக நடந்து செலவழிப்பதும் கிட்டத்தட்ட அதே 200 தான். விடியற்காலையில் குளக்கட்டில் எரித்ததைப் படுக்கப் போகும்முன் கோப்பை கோப்பையாகத் திரும்பக் குடித்து முடிக்கிறீர்கள். வடையும் ரோல்ஸும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை எண்ணெயில் பொரித்தவை, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு.

ஆனால் உங்கள் விடயத்தில் எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று. நாள் முழுவதிலும் நீங்கள் உண்ணும் புரதம், அந்த ஒரு துண்டு மீனையும் சோற்றில் உள்ள சிறிதளவையும் பால்மாவையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 40 கிராமைத் தாண்டுவது சந்தேகம். நிறை குறைக்க முயலும் காலத்தில் ஒரு கிலோ நிறைக்கு 1.2 கிராம் முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குறைந்த எல்லையை எடுத்தாலும் உங்களுக்கு 80 கிராம் வருகிறது. உணவைச் சட்டென்று குறைத்து, புரதத்தையும் குறைத்து, நடையை மட்டும் கூட்டினால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. குறைந்த அந்த நான்கு கிலோவில் ஒரு பங்கு தசையாக இருந்திருக்கக் கூடும். தராசு அதைப் பிரித்துக் காட்டாது. நிறை குறைந்த உடலுக்கு முன்பைவிடக் குறைந்த சக்தியே போதும். களைத்த உடல் நம்மை அறியாமலேயே அன்றாட அசைவுகளையும் குறைத்துக்கொள்ளும். நீங்கள் தேங்கி நிற்பது அதனால்தான்.

விடிவெள்ளிக்கும் ஒரு வார்த்தை. மாப்பொருளை நிறுத்திய முதல் கிழமையில் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாப்பொருளின் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சேமிப்பு தீர்ந்ததும் அதுவும் வெளியேறும், திருமண வீட்டில் ஒரு நேரம் சோறு உண்டதும் திரும்பி வரும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், கிழமைக்கு அரைக் கிலோ குறைப்பதற்கே நாளொன்றுக்கு 500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோ கொழுப்பு ஒரு கிழமையில் போக வழியில்லை. தேனும் சீனியைப் போன்றதுதான்.

ஆகவே, பாலைநிழல், மதியச் சோற்றை நிறுத்த வேண்டாம். ஒரு தேநீர்க் கோப்பையால் அளந்த சோறு போதும். மிச்சத் தட்டைக் கறிகளால் நிரப்புங்கள். காலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு முட்டை, அல்லது அவித்த கௌபியோ கடலையோ ஒரு கோப்பை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். எங்கள் குளங்களில் பிடிபடும் விராலும் ஜப்பான் மீனும் (திலாப்பியா) புரதத்தில் கடல்மீனுக்குக் குறைந்தவை அல்ல. இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள்: ஏழு மணிக்கு, குரக்கன் றொட்டி ஒன்றும் பருப்பும் முருங்கையிலை வறையும் போல. வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர் என்றால் அன்று சோயாமீற்றோ பயறோ இருக்கட்டும். வெறும் சோறும் கிழங்குக் கறியுமாக முடிக்காதீர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வவுனியாப் பக்கத்தில் அந்த நோய் இருப்பதால் இதை வாசிக்கும் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முடி கொட்டுவதும் சோர்வும் புரதக் குறைவாலும் வரும், இரும்புச்சத்துக் குறைவாலும் வரும், தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் வரும்; ஊகிப்பதில் பயனில்லை. அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கேயே உங்கள் முறைப்பாட்டைச் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப் போகிறதா, நின்றுவிட்டதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உணவு மிகவும் குறைந்துபோனால் அப்படி நடப்பதுண்டு.

மைதானம் (மல்லாவி):

மேலே சொன்ன அக்காவின் கணக்குடன் முழுமையாக உடன்படுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை. பயிற்சிப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

நடையை ஒன்றரை மணித்தியாலம் ஆக்க வேண்டிய அவசியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரையில் வளர்ந்தோருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே 270 நிமிடம் நடக்கிறீர்கள். அதே பரிந்துரையில், கிழமைக்கு இரண்டு நாட்களாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்ற பகுதியும் உண்டு. நம் பெண்களில் பெரும்பாலானோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பாரம் தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு முறுகிவிடும் என்று என் மாணவிகளின் தாய்மாரே என்னிடம் சொல்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடத்தை இடுப்பில் சுமந்த எங்கள் அம்மம்மாமாருக்கு அப்படி எதுவும் ஆகவில்லையே.

இதற்கு ஜிம் தேவையில்லை. ஆடாத கதிரை ஒன்றைச் சுவரோடு வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, மூன்று எண்ணும் வரை மெதுவாக இருந்து, குதிக்காலால் நிலத்தை அழுத்தி எழும்புங்கள். பத்துத் தடவை, பின் ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. அது இலகுவாகத் தெரியத் தொடங்கும் நாளில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். நிரம்பிய கான் ஐந்து கிலோ, அரை கான் இரண்டரைக் கிலோ, ஆகவே பாரத்தைக் கூட்டிக் குறைக்கத் தண்ணீரே போதும். அடுத்தது சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல். சில கிழமைகளில் சுவரிலிருந்து கட்டிலின் விளிம்புக்கு இறங்கலாம். மூன்றாவது, பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். நான்காவது, முன்னால் குனிந்து, முதுகை வளைக்காமல், கானை வயிற்றை நோக்கி இழுத்தல். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு தடவைகள் கடினமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாரம் போதவில்லை என்று பொருள். கிழமைக்கு இரண்டு நாள் இதற்கு, நான்கு நாள் நடைக்கு என்று பிரித்தால் நேரமும் கூடிவிடாது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போகும் என்பதை உடல்தான் தீர்மானிக்கும்.

உழுந்தங்களி (முள்ளியவளை):

பிள்ளை, எனக்கு 61 வயது. இந்தக் கலோரிக் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் ஒன்றை என் கண்ணால் கண்டிருக்கிறேன். என் இளமையில் காலபோகத்துக்குப் புல்லுப் பிடுங்கவும், அருவி வெட்டவும், சூடு மிதிக்கவும் நாள் முழுவதும் வயலில் நின்றோம். அந்த உழைப்புக்கு ஏற்றதாக எங்கள் தட்டும் பெரிதாக இருந்தது. இன்று களைக்கு மருந்து, வெட்டுக்கு மெசின், அரைக்க மில். உழைப்பு இவ்வளவு சுருங்கியும் தட்டு சுருங்கவில்லை. என் வீட்டில் சொதிக்கும் சம்பலுக்குமாக ஒரு நேரத்துக்கு ஒரு முழுத் தேங்காய் துருவுவோம். இப்போது இரண்டாம் பாலில் சொதி வைத்து, முதல் பாலைக் கடைசியில் ஒரு அகப்பை மட்டும் விடுகிறேன். சுவையில் பெரிய குறையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 இல் போரின்போது கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு பிள்ளை “சோறு போதும்” என்று தட்டைத் தள்ளும்போது நெஞ்சு பதறுகிறது. மகள் மெலிந்தால் வற்றிப் போனாள் என்போம். இன்னும் ஒரு கரண்டி போட்டால்தான் எங்களுக்கு நிம்மதி. உன் வீட்டிலும் உன் அம்மாவோ மாமியோ அப்படிச் செய்தால் கோபித்துக்கொள்ளாதே. மீன் துண்டை இரண்டாகப் போடுங்கள், சோற்றைப் போட வேண்டாம் என்று கேட்டுப் பார். என் மகள் அப்படித்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்தாள்.

ஒற்றைச்செருப்பு (விசுவமடு):

குளக்கட்டில் நடக்க முடியாதவர்களும் இதை வாசிக்கக் கூடும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக்காலுடன் நடக்கிறேன். அப்படி நடப்பதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவாகும். ஆனால் தோல் உரசிப் புண்ணாகிவிட்டால் நாட்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருக்கும், நிறை கூடுவதும் அந்த நாட்களில்தான். நிறை ஏறினால் செயற்கைக்கால் இறுக்குகிறது, இறங்கினால் தளர்கிறது. ஆகவே நான் வேகமாகக் குறைக்க முயல்வதில்லை, தளர்வு தெரிந்ததும் காலுறை ஒன்றைக் கூட்டிப் போடுகிறேன், அதற்கும் அடங்காவிட்டால் செய்து தந்த இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கிறேன். கதிரையில் இருந்தபடி இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தலைக்கு மேல் உயர்த்துவது, நைலோன் கயிற்றில் கட்டிய கானை இழுப்பது, இவைதான் என் பயிற்சி. பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். வேலிக்கு வெளியே போகத் தேவையில்லை. வெளிச்சமில்லாத வீதியில் தனியே நடக்க விரும்பாத பெண்களுக்கும் இது உதவும்.

பாலைநிழல்:

பத்துக் கிழமைகள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சரியாகவே இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் 10.2 என்று வந்தது. பெண்களுக்கு அது 12 க்குக் குறையக் கூடாதாம். இரும்புச்சத்து மாத்திரை தந்திருக்கிறார்கள். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்று சொன்னதால், மதிய உணவை ஒட்டிக் குடித்த தேநீரை விட்டேன். மற்ற நேரங்களிலும் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து இப்போது சீனி இல்லாமலே குடிக்கிறேன். முதல் பத்து நாட்கள் கசாயம் குடிப்பது போல இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தராசு 65.5 காட்டுகிறது. பத்துக் கிழமைக்கு ஒன்றரைக் கிலோ என்று முன்னர் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். ஆனால் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு அளந்தால் 87 வருகிறது. தெற்காசியப் பெண்களுக்கு 80 க்குள் இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இன்னும் ஏழு இருக்கிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூடுவதைக் கண்டு முதல் மாதம் பயந்துவிட்டேன். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, அது முடிந்த நான்காம் நாளில் மட்டும் நிறை பார்க்கிறேன்.

மைதானம் ரீச்சருக்கு ஒரு கேள்வி. ஐந்து லீற்றர்க் கானுடன் பன்னிரண்டு தடவை இலகுவாக எழும்ப முடிகிறது. அடுத்து பத்துக் கிலோ அரிசிப் பையை எடுக்கலாமா, அல்லது இடையில் ஏழரை வைக்க வேண்டுமா?

மைதானம் (மல்லாவி):

ஏழரை. பை வேண்டாம், பிடி நழுவும். பத்து லீற்றர்க் கானில் முக்கால்வாசி தண்ணீர் விடுங்கள்.