ஈரத் துணியை 36 படி தூக்க முடியல, வழி சொல்லுங்க

முப்பத்தாறுபடி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல வாஷிங் மெஷின் கீழ, கொடி மொட்டை மாடியில. நடுவுல 36 படி. 18-ஆவது படியில ஒரு திருப்பம். அங்க கூடையை இறக்கி வெச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவேன். நாலு பேர் துணி, வாரத்துல நாலு நாள்.

கூடை அகலமானது. ரெண்டு கையாலயும் வயித்துக்கு முன்னாடி அணைச்சாத்தான் தூக்க வரும். அப்படித் தூக்கினா கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது. போன வாரம் காய்ஞ்ச துணியோட இறங்கிட்டு இருந்தேன். படி முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு காலை வெச்சா, இன்னும் ஒண்ணு பாக்கி. நான் சுவத்துல சாய்ஞ்சு தப்பிச்சுட்டேன், கூடை மட்டும் முன்னாடி போயிடுச்சு. தோள் வலிகூடப் பெருசா தெரியல, அத்தனையையும் மறுபடி துவைக்கணுமேன்னு நெனச்சதுல அழுகையே வந்துடுச்சு.

வயசு 47, இடது முட்டி சரியில்ல. வீட்டுல கேட்டா "கூப்பிட்டா வந்து தூக்க மாட்டோமா?"ன்னு எல்லாரும் நல்லவங்களா பேசுவாங்க. மெஷின் முடிஞ்சு கூவுறப்போ வீட்டுல நானும் அதுவும்தான் இருப்போம். "ரெண்டு நடையா கொண்டுபோ"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு நடைன்னா 36 படி 72 படி.

முதுகுமூட்டை:
அக்கா, மொதல்ல அந்தக் கூடையை ஓரம் கட்டுங்க. ரெண்டு தோள்லயும் மாட்டுற பெரிய பை ஒண்ணு எடுங்க, தண்ணி ஊறாத துணியில தைச்சதா இருக்கணும். ஜீன்ஸ், துண்டு மாதிரி கனமானதை முதுகை ஒட்டி வைங்க, லேசானது வெளிப்பக்கம். சுமை உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவுக்கு இடுப்பு இழுபடும். ஒட்டி இருந்தா அதே எடை பாதியாத் தெரியும். முக்கியமா ஒரு கை கைப்பிடியில இருக்கும், படியும் கண்ணுக்குத் தெரியும்.

ஒத்தத் தோள்ல மாட்டுற பை மட்டும் வேண்டாம். நான் ஆறு மாசம் அப்படித்தான் தூக்கினேன். ஒரு பக்கமா சாய்ஞ்சே நடக்கிறேன்னு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது.

இறங்கும்போது, மாடியிலயே மடிச்சு எடுத்துட்டு வாங்க. குவிச்சுப் போட்டா மலை மாதிரி நிக்கிற துணி, மடிச்சா அந்தப் பையிலயே அடங்கிடும்.

கப்பிக்காரன்:
நான் மாடிக் கைப்பிடிச் சுவத்துக்கு மேல இரும்புக் கம்பி நீட்டி கப்பி மாட்டினவன். ஆசையா மாட்டினேன், அதனால உள்ளதைச் சொல்றேன். ஒத்தக் கப்பி எடையைக் குறைக்காது. 9 கிலோ வாளிக்கு 9 கிலோ இழுவை வேணும், உராய்வு தனிக் கணக்கு. மேல தூக்குறதுக்குப் பதிலா கயித்தைக் கீழ்ப்பக்கமா இழுக்கலாம், அவ்வளவுதான். வாளியோட சேர்ந்து நகருற மாதிரி இன்னொரு கப்பி போட்டா இழுவை பாதியாகும், ஆனா 7 மீட்டர் ஏத்த 14 மீட்டர் கயிறு இழுக்கணும்.

இதுல பயமே கடைசி நொடிதான். வாளி மேல வந்ததும் சுவத்துக்கு வெளிய எட்டிப் பிடிக்கத் தோணும். எட்டவே எட்டாதீங்க. இப்போ நான் காய்ஞ்ச துணியை இறக்க மட்டும்தான் வெச்சிருக்கேன். அதுவும் கீழ யாரும் நிக்கலன்னு பார்த்துட்டு.

ஸ்பேனர்:
எல்லாரும் தூக்குறதைப் பத்தியே பேசுறீங்க. நான் மெஷின் ரிப்பேர் பண்றவன், நான் கேக்குறது வேற. அக்கா, எந்த மோடுல போடுறீங்க? கொடியில போட்ட துணி சொட்டுதா?

முப்பத்தாறுபடி:
டெலிகேட்ல போடுவேன் தம்பி. சீக்கிரம் முடியுது, துணியும் வீணாகாதுன்னு நெனச்சு. துண்டு எல்லாம் சொட்டும். படியிலயே சொட்டிட்டுத்தான் வரும்.

ஸ்பேனர்:
அதான் விஷயம். டெலிகேட்ல டிரம் மெதுவாத்தான் சுத்தும், தண்ணி முழுசா பிழியாது. நீங்க துணியைத் தூக்கல, தண்ணியைத் தூக்குறீங்க. ஒரு லிட்டர் ஒரு கிலோ. மெஷின் மேல 7 கிலோன்னு எழுதியிருக்கிறதும் காய்ஞ்ச துணிக் கணக்கு, நனைஞ்சா எவ்வளவு வரும்னு நீங்களே பாருங்க.

துண்டு, ஜீன்ஸ், பெட்ஷீட் எல்லாம் காட்டன் மோடுல போடுங்க. இல்ல, முடிஞ்சதும் ஸ்பின்னை மட்டும் 1200-ல, அதாவது நிமிஷத்துக்கு 1200 சுத்து வேகத்துல, இன்னொரு தடவை ஓட விடுங்க. ஒரு பெரிய பெட்ஷீட்டைத் தனியாப் போடாதீங்க. அது ஒரு பக்கமா உருண்டு உக்காந்துக்கும், மெஷின் ஆட்டம் கண்டு வேகத்தைக் குறைச்சுக்கும். கூட நாலு துண்டு போட்டா சமமாகும். பட்டு, கம்பளி மாதிரி துணியை மட்டும் இந்த வேகத்துக்குக் கொண்டுபோகாதீங்க.

அடுத்து யாராவது "மெஷினையே மாடிக்கு ஏத்திடுங்க"ன்னு சொல்லுவாங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். பல மெஷினுக்குக் குறைஞ்சது 0.3 பார் தண்ணி அழுத்தம் வேணும். அதாவது குழாய்க்கு மேல 3 மீட்டர் உயரத்துல தண்ணி நிக்கணும். டேங்கும் அதே மாடியில பக்கத்துல உக்காந்திருந்தா அந்த உயரம் கிடைக்காது. தண்ணி நூல் மாதிரி வரும், மெஷின் எரர் காட்டிட்டு நிக்கும்.

நடைபழகி:
முட்டி ஆபரேஷன் முடிஞ்சப்போ எனக்குச் சொல்லிக்கொடுத்தது: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. உங்களுக்கு ஏற வலது, இறங்க இடது. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலும் சேர்ந்தப்புறம் அடுத்த படி. அப்புறம், படியில சொட்டின தண்ணியைத் துடைச்சுட்டு இறங்குங்கம்மா. வழுக்குனா அந்த முட்டி தாங்காது.

முப்பத்தாறுபடி:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. தம்பி சொன்னதை நம்பாம எடை பார்க்கிற மெஷின்லயே வெச்சுப் பார்த்தேன். அதே துணி, காய்ஞ்சு இருக்கும்போது 5 கிலோ. டெலிகேட்ல எடுத்தா 9.4. அதையே திரும்ப 1200-ல ஸ்பின் போட்டு வெச்சா 7.8. ஒண்ணரை லிட்டருக்கு மேல தண்ணியை இத்தனை வருஷமா நாள் தவறாம மாடிக்கு ஏத்தி வெயில்ல ஊத்திட்டு இருந்திருக்கேன்!

பையன் பழைய ஸ்கூல் பை ஒண்ணு இருந்தது, உள்ள பிளாஸ்டிக் உறை போட்டு அதுல எடுத்துட்டுப் போறேன். எல்லாம் கொள்ளல, ரெண்டு நடைதான். ஆமா, 72 படி, நானேதான் வேண்டாம்னு சொன்னேன், சிரிச்சுக்குங்க. ஆனா 18-ல நிக்கிறதில்ல. துண்டு முதல் நடையில போயிடும், மிச்சத்தைச் சாயங்காலம் யார் முதல்ல வீட்டுக்கு வர்றாங்களோ அவங்க தலையில கட்டிடறேன். கூடை இப்போ மாடியிலயே கிளிப் போட்டு வைக்க இருக்கு.

தம்பி, ஒரு சந்தேகம். 1200-ல போட்டா சட்டை எல்லாம் கசங்கி சுருண்டு வருது. அதுக்கு என்ன பண்ண?

ஸ்பேனர்:
சட்டையைப் பிரிச்சு 800-ல தனியாப் போடுங்க அக்கா. முடிஞ்சதும் உள்ளயே விடாம உடனே எடுத்து ரெண்டு உதறு உதறிட்டுப் பையில போடுங்க.