திமிங்கிலம் எப்படிங்க குளம்பு விலங்கு வரிசைல வரும்? மாட்டுக்கு கிட்ட குதிரையா, திமிங்கிலமா?

தென்காசி_தேர்வர்:

எல்லாருக்கும் வணக்கம். டிஆர்பி விலங்கியலுக்கு படிச்சிட்டு இருக்கேன், வகைப்பாட்டுல ஒரு இடத்துல சிக்கிக்கிட்டு நகரவே முடியல. என்கிட்ட இருக்கிற பழைய புத்தகத்துல பாலூட்டிகளுக்குள்ள சீட்டேசியான்னு தனி வரிசை, அதுல திமிங்கிலமும் டால்பினும். ஆர்ட்டியோடாக்டைலா வேற வரிசை, மாடு ஆடு மான் ஒட்டகம் பன்னி நீர்யானைன்னு இரட்டைப்படை குளம்பு உள்ளதெல்லாம் அதுல. குதிரை, காண்டாமிருகம் எல்லாம் பெரிஸ்ஸோடாக்டைலா, ஒற்றைப்படை. இதுவரைக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப ஒரு சீனியர் குடுத்த நோட்ஸ்ல பார்த்தா சீட்டேசியா வரிசையே இல்ல, ரெண்டையும் சேர்த்து சீட்டார்ட்டியோடாக்டைலான்னு ஒண்ணு போட்டிருக்கு, அதுக்கு கீழ ஒரு வரி, மாட்டுக்கு குதிரையைவிட திமிங்கிலம்தான் நெருங்கின சொந்தம்னு.

எனக்கு இது மண்டைல ஏறவே மாட்டேங்குது. மாடும் குதிரையும் புல்லு மேயுது, நாலு காலு இருக்கு, குளம்பு இருக்கு. திமிங்கிலத்துக்கு குளம்பும் இல்ல, பின்னங்காலே இல்ல. இது டிஎன்ஏவை மட்டும் வச்சு சொல்றதா, இல்ல கண்ணால பார்க்கிற மாதிரி ஆதாரம் ஏதாவது இருக்கா? பரீட்சைல எதை எழுதுறதுன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

குளத்தங்கரை:

நல்ல கேள்வி தம்பி. காலேஜ்ல விலங்கியல் எடுத்தவன் நான், இது எனக்கு ரொம்ப பிடிச்ச பாடம், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

உருவத்தையும் வாழுற இடத்தையும் வச்சுத்தான் ஆரம்பத்துல எல்லாருமே பிரிச்சாங்க. லின்னேயஸே 1735ல திமிங்கிலத்தை மீன்கூடத்தான் வச்சிருந்தார், 1758ல வந்த பத்தாவது பதிப்புலதான் பாலூட்டிக்கு மாத்தினார். இத்தனைக்கும் டால்பின் காத்தை மூச்சா இழுக்குது, குட்டி போடுது, பால் குடுக்குதுன்னு அரிஸ்டாட்டில் அதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே பார்த்து எழுதி வச்சிட்டார். சரி, பாலூட்டின்னு முடிவாச்சு, பாலூட்டில யாருக்கு பக்கம்? அங்கதான் இருநூறு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. டார்வின் 1859ல ஒரு கறுப்புக்கரடி வாயைத் திறந்துக்கிட்டே நீந்தி பூச்சி பிடிக்கிறதைச் சொல்லி, இந்த மாதிரி ஒரு விலங்கு போகப்போக திமிங்கிலம் மாதிரி ஆகலாம்னு எழுதினார், கிண்டல் வந்ததும் அடுத்த பதிப்புல அதை சுருக்கிட்டார். 1883ல ஃப்ளவர்ங்கிறவர் குளம்பு விலங்குகளுக்குத்தான் பக்கம்னு சொன்னார். 1966ல வான் வாலன் மெசோனிக்கிட்னு ஒரு அழிஞ்சுபோன கூட்டத்தைக் காட்டினார், மாமிசம் தின்னது, குளம்பு இருந்தது, அதோட பல்லு பழைய திமிங்கிலங்களோட பல்லு மாதிரியே இருக்கும். புதைபடிவ ஆளுங்க முக்கால்வாசிப் பேர் ரொம்ப வருஷம் அதைத்தான் ஏத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் டிஎன்ஏ வந்துச்சு. டோக்கியோல ஒகாடாவோட குழு 1997லயும் 1999லயும் செஞ்ச வேலையை நீ கட்டாயம் படிக்கணும், எனக்கு தெரிஞ்சு இவ்வளவு சுத்தமான ஆதாரம் வகைப்பாட்டுல குறைவு. டிஎன்ஏல சைன்னு சில குட்டித் துண்டுகள் இருக்கு, தன்னையே காப்பி எடுத்து வேற எங்கயாவது போய் நுழைஞ்சுக்கும், நுழைஞ்சதுக்கு அப்புறம் அநேகமா வெளிய வராது. எங்க நுழையும்னு கணக்கே கிடையாது, அதனால ரெண்டு விலங்குல அதே துண்டு அதே இடத்துல இருந்தா அது ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்ததுன்னுதான் அர்த்தம். இப்படி தேடினப்ப சில துண்டு திமிங்கிலத்துலயும் நீர்யானைலயும் மட்டும் இருந்துச்சு, சில துண்டு மாடு, நீர்யானை, திமிங்கிலம் மூணுலயும் இருந்துச்சு, ஆனா பன்னிலயும் ஒட்டகத்துலயும் இல்ல. அப்ப பிரிஞ்ச வரிசை புரியுதா? ஒட்டகம் முதல்ல, அடுத்து பன்னி, அடுத்து மாடு மான் கூட்டம், கடைசில நீர்யானையும் திமிங்கிலமும். அதாவது குதிரையை விடு, பன்னியைவிடவே மாட்டுக்கு திமிங்கிலம்தான் கிட்ட. குதிரை இந்த மொத்தக் கூட்டத்துக்கும் வெளிய நிக்குது.

கண்ணால பார்க்கிற ஆதாரம் கேட்டியே, அது கணுக்கால் எலும்புல இருக்கு. அஸ்ட்ராகலஸ்னு பேரு. ஆட்டுக்கால் வாங்கினா எடுத்துப் பாரு, மேல் பக்கமும் கீழ் பக்கமும் ரெண்டுலயும் கிணத்துக் கப்பி மாதிரி பள்ளம் இருக்கும். குதிரைக்கு மேல மட்டும்தான் அப்படி. ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்த இந்த எலும்புதான் இரட்டைப்படை குளம்பிகளோட அடையாளம். 2001 செப்டம்பர்ல ஜிஞ்சரிச் குழுவும் தெவிஸ்ஸன் குழுவும் தனித்தனியா, பாகிஸ்தான்ல எடுத்த பழைய திமிங்கில புதைபடிவங்களை வெளியிட்டாங்க, கால் இருந்த காலத்து திமிங்கிலம். ரெண்டு குழுவோட எலும்புலயும் அந்த ரெட்டைப் பள்ளம் இருந்துச்சு. ஜிஞ்சரிச் அதுவரைக்கும் மெசோனிக்கிட் பக்கம் நின்னவர், அந்த எலும்பைப் பார்த்ததும் நிலைப்பாட்டை மாத்திக்கிட்டார். ஒரு விஞ்ஞானி இப்படி செய்யறதைப் பார்க்கும்போது எனக்கு அவர் மேல மரியாதை கூடுது.

இன்னொண்ணு, வகுப்புல சொன்னா பசங்க நல்லா ஞாபகம் வச்சுக்குவாங்க, மீனும் கணவாயும் தின்னுற திமிங்கிலத்துக்கு இன்னைக்கும் மாட்டுக்கு மாதிரியே வயிறு பல அறையாத்தான் இருக்கு.

அலைவாய்:

அண்ணே அருமையா எழுதிருக்கீங்க. நான் திருச்செந்தூர் பக்கம். 2016 ஜனவரில மணப்பாடு கரையில பைலட் திமிங்கிலம் கூட்டங்கூட்டமா வந்து ஒதுங்குச்சுல்ல, ஊர்க்காரங்க எல்லாம் இறங்கி தள்ளி தள்ளி கடலுக்குள்ள விட்டோம், விட்டதுல பலது திரும்ப கரைக்கே வந்துடுச்சு, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அப்பதான் கிட்டத்துல வாலைப் பார்த்தேன். மீன் வால் நெட்டுக்குத்தா நிக்கும், இது தட்டையா படுத்த வாக்குல இருந்துச்சு. அதுக்கும் நீங்க சொல்ற விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கா? அப்புறம் பாக் நீரிணைல இருக்கிற ஆவுளியா, அதான் கடல்பசு, அதுவும் இந்த கூட்டம்தானா?

குளத்தங்கரை:

நீ சரியான இடத்தைப் பிடிச்சிட்ட. மீன் உடம்பை இடதும் வலதுமா வளைக்கும், அதனால வால் நிக்குது. நாய் நாலு கால் பாய்ச்சல்ல ஓடும்போது முதுகைப் பாரு, மேலயும் கீழயும் வளையும். தரையில அப்படி ஓடினதோட வம்சம் தண்ணிக்குள்ள போயும் அதே முதுகெலும்பை அதே மாதிரிதான் ஆட்டுது, அதனால வால் படுத்திருக்கு.

ஆவுளியா வேற கூட்டம். அது யானைக்கு பங்காளி. கடல்நாய் இன்னொரு கூட்டம், அது கரடி நாய் பூனை எல்லாம் வர்ற ஊனுண்ணி வரிசைல. தரையில இருந்து கடலுக்கு பாலூட்டிங்க ஒரே தடவை போகல, வேற வேற வம்சம் வேற வேற காலத்துல போச்சு, போனதெல்லாம் துடுப்பும் வழவழ உடம்புமா ஆயிடுச்சு. கடல்ல இருக்கு, துடுப்பு இருக்குன்னு மூணையும் ஒரே வரிசைல போட்டா தப்பாயிடும்ங்கிறது இதுக்குத்தான். ஆவுளியாவுக்குன்னு 2022ல தமிழ்நாடு அரசு பாக் விரிகுடால 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிச்சிருக்கு, நீ கடலோரம் இருக்கிற, வலையில சிக்கினா உயிரோட விட்டுடச் சொல்லி பக்கத்துல எல்லாருக்கும் சொல்லு.

நேர்மொழி:

சார் எனக்கு ரெண்டு ஆட்சேபம் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு, நீர்யானைல இருந்து திமிங்கிலம் வந்துச்சுன்னா நீர்யானை எப்படி இன்னும் அப்படியே இருக்கு, நடுவுல உள்ளதெல்லாம் எங்க? ரெண்டாவது, வகைப்பாடுங்கிறதே ஒரு உயிரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுபிடிக்கத்தானே. இதுக்கு குளம்பு இருக்கா இல்லையான்னு கேட்டு பிரிக்கிற வரிசைல குளம்பே இல்லாததைக் கொண்டு வச்சா அந்த வரிசையால யாருக்கு என்ன பிரயோஜனம்? காட்டுல வேலை செய்யற ஆளுக்கோ மீனவனுக்கோ பழைய முறைதான் உதவும்.

கல்லும்_எலும்பும்:

முதல் கேள்விக்கு நான் சொல்றேங்க, புவியியல் படிச்சவ நான், இதுல நம்ம நாட்டுக்காரர் ஒருத்தரோட பங்கு இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியறதில்லைங்கிறது எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

நீர்யானைல இருந்து திமிங்கிலம் வரல. ரெண்டுக்கும் பொதுவா ஒரு மூதாதை, சுமார் 5.5 கோடி வருஷம் முன்னாடி பிரிஞ்சிருக்கும். அந்த மூதாதை நீர்யானை மாதிரியும் இல்ல, திமிங்கிலம் மாதிரியும் இல்ல. எப்படி இருந்திருக்கும்னு ஒரு குறிப்பு கிடைச்சது ஜம்மு பக்கம் காலாகோட்ல. ரங்கா ராவ்னு ஒரு இந்திய புவியியலாளர் அங்க பாறைகளைச் சேகரிச்சார், 1971ல அதுல இருந்து இண்டோஹையஸ்னு ஒரு சின்ன குளம்பு விலங்கை விவரிச்சார். மீதி கல்லு உடைக்காமலே கிடந்துச்சு, அவர் இறந்தப்புறம் அவரோட மனைவி அதையெல்லாம் தெவிஸ்ஸன்கிட்ட ஒப்படைச்சாங்க. சுத்தம் பண்ணும்போது ஒரு மண்டை ஓட்டுல காது எலும்பு உடைஞ்சுச்சு, உள்ள பார்த்தா அந்த எலும்போட உள்பக்கச் சுவர் தடியா இருக்கு. அந்த மாதிரி தடிச்ச காது எலும்பு திமிங்கில வம்சத்துக்குன்னே உள்ளதுன்னு அதுவரைக்கும் நினைச்சிட்டு இருந்தாங்க. 2007ல இது வெளிவந்துச்சு. உடம்பு ஒரு பூனை அளவு, காலு மெலிசு, ஆனா கால் எலும்பு உள்ள கெட்டியா கனமா இருக்கு, தண்ணிக்குள்ள காலூன்றி நடக்கிற விலங்குக்கு அப்படித்தான் இருக்கும். இன்னைக்கு இருக்கிறதுல அதுக்கு உருவத்துல கிட்ட வர்றது சருகுமான், நம்ம முதுமலை, களக்காடு காட்டுல இருக்கே அதேதான். அதோட ஆப்பிரிக்க இனம் ஒண்ணு, நீர் சருகுமான், ஆபத்துன்னா தண்ணிக்குள்ள பாஞ்சு மறைஞ்சுக்கும். இண்டோஹையஸ் வர்ற குடும்பத்துக்கே ராவ் பேரை வச்சு ராவெல்லிடேன்னு பேரு.

நடுவுல உள்ளது எங்கன்னு கேட்டீங்க. பாக்கிசீட்டஸ், 1981ல பாகிஸ்தான்ல கிடைச்சது, சுமார் 5 கோடி வருஷம், நாலு காலும் முழுசா இருக்கு, மூக்கு மூஞ்சி நுனில, காது மட்டும் திமிங்கிலக் காது. ஆம்புலோசீட்டஸ், 1994, மூணு மீட்டர் நீளம், முதலை மாதிரி நீளமான மூஞ்சி, பெரிய பாதம், நடக்கவும் நீந்தவும் முடியும். நம்ம கட்ச்ல கட்ச்சிசீட்டஸ், 2000ல பாஜ்பாயும் தெவிஸ்ஸனும் விவரிச்சது. அப்புறம் பாசிலோசாரஸ், எகிப்துல வாடி அல் ஹிதான்ல பாலைவன மணல்ல முழு எலும்புக்கூடா கிடக்கு, 15 மீட்டருக்கு மேல நீளம், முழுக்க கடல் வாழ்க்கை, ஆனா முட்டி, கணுக்கால், விரலோட குட்டியூண்டு பின்னங்கால் இருக்கு. இவ்வளவும் டெத்திஸ்னு அப்ப இருந்து இப்ப மறைஞ்சுபோன ஒரு கடலோரம் நடந்தது, இந்தியா ஆசியாவோட மோதிக்கிட்டு இருந்த காலம். எதிலிருந்து நேரா எது வந்துச்சுன்னு நான் சொல்லல, கிளையில எது எங்க உக்காருதுன்னு மட்டும்தான் சொல்றேன். ஆனா காலவரிசைல பார்த்துட்டு வந்தா மூக்குத் துளை பின்னாடி நகர்றதும் இடுப்பு எலும்பு முதுகெலும்பை விட்டு விலகுறதும் கண்ணுக்குத் தெரியுது.

குளத்தங்கரை:

மேடம் சொன்னது அருமை. நேர்மொழி சார், உங்க ரெண்டாவது கேள்வி நியாயமானது, இருபதாம் நூற்றாண்டுல பெரிய பெரிய ஆளுங்களே இதுல சண்டை போட்டிருக்காங்க. ஹென்னிக்னு ஜெர்மன் பூச்சியியலாளர் 1950ல ஒரு விதி வச்சார், ஒரு குழுன்னா ஒரு மூதாதையும் அதோட எல்லா வாரிசும் அதுக்குள்ள வரணும், உருவம் மாறிடுச்சுன்னு ஒரு கிளையை மட்டும் வெட்டி வெளிய போடக்கூடாதுன்னு. திமிங்கிலத்தை வெளிய எடுத்துட்டா ஆர்ட்டியோடாக்டைலாங்கிறது அரைகுறைக் கூட்டம், ஏன்னா நீர்யானை உள்ள இருக்கு, அதோட நெருங்கின பங்காளி வெளிய இருக்கு. பிரயோஜனம் என்னன்னா, வரிசையைப் பார்த்து பார்க்காததை ஊகிக்க முடியும். கால் இருந்த திமிங்கிலத்தோட கணுக்கால் எப்படி இருக்கும்னு டிஎன்ஏ வகைப்பாடு முன்னாடியே சொல்லிச்சு, தோண்டினப்ப அப்படியே கிடைச்சுது. உருவ வகைப்பாட்டால அதைச் சொல்ல முடிஞ்சிருக்காது. காட்டுலயும் கரையிலயும் அடையாளம் காண்றதுக்கு தனி கையேடு இருக்கு, அது வேற வேலை, அதுக்கு இது தடையே இல்ல.

நேர்மொழி:

புதைபடிவத்தை ஏத்துக்கிறேன் சார், மேடம் சொன்ன வரிசை ரொம்ப தெளிவா இருந்துச்சு. பேர் விஷயத்துல மட்டும் எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல.

தென்காசி_தேர்வர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சைன் துண்டு பத்தி படிச்சதுக்கு அப்புறம்தான் மொத்தமா புரிஞ்சுது. பரீட்சை விஷயம் மட்டும் சொல்லுங்க சார். அப்புறம் ஹென்னிக் விதிப்படி பார்த்தா ஊர்வனவும் அரைகுறைக் கூட்டம்தானே, பறவை வெளிய இருக்கே?

குளத்தங்கரை:

பரீட்சைக்கு உங்க சிலபஸ்ல எந்த வகைப்பாடு குடுத்திருக்கோ அதை எழுது, ஒரு மார்க் கேள்வில போய் வாதம் பண்ணாத. விரிவான விடைன்னா சீட்டேசியான்னு எழுதி, இப்ப அது இரட்டைப்படை குளம்பிகளுக்குள்ள ஒரு கிளைன்னு ஒரு வரி, சைன், அஸ்ட்ராகலஸ், இண்டோஹையஸ் மூணையும் ஆதாரமா ஒரு வரி போடு. சீட்டார்ட்டியோடாக்டைலாங்கிற பேர் 1997ல வந்தது, சில பேர் ஆர்ட்டியோடாக்டைலாங்கிற பழைய பேரையே திமிங்கிலத்தையும் சேர்த்து வச்சுக்கிறாங்க, ரெண்டும் ஒரே கூட்டத்தைத்தான் குறிக்குது.

ஊர்வன பத்தி நீ சொன்னது சரி. முதலை பல்லியைவிட பறவைக்குத்தான் கிட்ட, ரெண்டும் ஆர்க்கோசார்னு ஒரே கூட்டம், டைனோசரும் அதுலதான், முதலைக்கு பறவை மாதிரியே நாலு அறை இதயம்னு நீ மனப்பாடம் பண்ணியிருப்பியே அதையும் இதோட சேர்த்துப் பாரு. ஆமையை எங்க வைக்கிறதுன்னு ரொம்ப வருஷம் சண்டை, டிஎன்ஏ அதையும் முதலை பறவை பக்கம்தான் கொண்டு வைக்குது.