மயக்க மருந்துக்கு முன் பிள்ளையின் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: உங்கள் அனுபவம்?

செங்காங் அம்மா:
மகனுக்கு டான்சில் அறுவை. தாடை சின்னது, ராத்திரி முழுக்கக் குறட்டை. மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார், அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டான், நாலு வயதுப் பிள்ளை வேறென்ன செய்வான். சரி என்று அவர் வற்புறுத்தாமல், மயக்கத்தில் மூச்சுக்குச் செருகும் குழாயைப் போடச் சிரமம் இருக்குமா என்று பார்க்க ஜெல் தடவி, சின்ன ஸ்கேன் கருவியைத் தாடைக்கு அடியில் வைத்து நாக்கின் தடிமனை அளந்தார், அப்புறம் கழுத்துக்கு இறக்கினார். திரையில் இரண்டு கோடுகள் கூரை மாதிரி சாய்ந்து நின்றன, அவன் அழ அழ அவை திறந்து மூடின. அதுதான் குரல் நாண் என்றார். என் பிள்ளையின் அழுகையைக் கண்ணால் பார்த்தேன், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பிடோக் அப்பா:
எங்களுக்கு யாரும் எடுக்கவில்லை. மகளுக்குக் குடல்வால் அறுவை, நடு ராத்திரி அவசரம். வெளியே வந்தபோது மேலுதடு வீங்கி, வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. குழாய் போடச் சிரமம், தொண்டைக்குள் பார்க்கிற கேமராக் கருவி, வீடியோ லாரிங்கோஸ்கோப் வைத்துத்தான் முடிந்தது என்றார்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்குமே? கதிர்வீச்சும் கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் எடுக்க வேண்டியதுதானே!

தாதி அக்கா:
தம்பி, கோபம் புரிகிறது, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அல்ட்ராசவுண்ட் காற்றைத் தாண்டாது, மூச்சுக்குழாயின் முன்சுவர் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது. வாய் எவ்வளவு திறக்கும், கழுத்து எவ்வளவு வளையும் என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் நடந்த அளவுக்குப் பிள்ளைகளிடம் ஆய்வும் இல்லை. குழாயின் அளவைத் தேர்ந்தெடுக்க ஸ்கேன் நன்றாக உதவும். பலூன் வைத்த குழாயின் உள்விட்டத்துக்கு (மி.மீ.) வயதை 4ஆல் வகுத்து 3.5 கூட்டுகிற கணக்கு, வயதுக்கு மீறிச் சின்னதாக இருக்கிற பிள்ளைக்குப் பொருந்தாமல் போகும், அங்கே குரல் நாணுக்குக் கீழே இருக்கிற குருத்தெலும்பு வளையத்தை (கிரிகாய்டு) அளந்து பார்ப்பது நல்லது.

முன்னாலேயே தெரிந்தாலும் ஆபத்து போய்விடாது. நான் பார்த்த பியர் ராபின் குறைபாடுள்ள குழந்தை ஒன்று, பிறவியிலேயே தாடை உள்வாங்கியது. சிரமம் என்று தெரிந்தே எல்லாம் தயாராக வைத்திருந்தோம், அப்படியும் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. இறங்க இறங்க மானிட்டரின் பீப் ஒலி சுருதி இறங்கிக்கொண்டே போகும், அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. குழந்தைகளுக்கு மூச்சுக் கையிருப்பு குறைவு, ஆக்சிஜன் செலவு அதிகம்.

அப்புறம் எல்லாரும் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று பார்த்து, போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரத்தில் பாட்டி பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டார் என்றாலும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். குழாய் போடச் சிரமப்பட்ட பிள்ளை என்றால், எந்தக் கருவி, எந்த அளவுக் குழாய் சரிப்பட்டது என்று எழுதி வாங்குங்கள்.

பிடோக் அப்பா:
அப்படி எதுவும் தரவில்லை அக்கா. அடுத்த மாதம் பல் சிகிச்சை, அதுவும் மயக்க மருந்தில்தான்.

தாதி அக்கா:
அறுவை நடந்த இடத்திலேயே மருத்துவ அறிக்கைக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள், கைக்கு வர நாளாகும். பல் டாக்டரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.