வண்ணக்கர் பதவி எந்த வகை அந்தஸ்து? சமூகவியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் இருந்து வெளிவாரிப் பட்டப்படிப்பு படிக்கிறேன். சமூகக் கட்டமைப்பு, சமூக இடைவினை பற்றிய ஒப்படைக்கு எங்கள் குடிமுறையையே எடுத்திருக்கிறேன்.

குடி என்பது தாய்வழியாக வரும் குலப் பிரிவு. ஆகவே பிறப்பாலான அந்தஸ்து, பிறப்பாலானது, சொந்த முயற்சியால் ஈட்டியது என்று மானிடவியலாளர் லிண்டன் 1936இல் சொன்ன பிரிப்பு அப்படியே பொருந்துகிறது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் பதவியில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் குடியில் பிறந்திருக்கவும் வேண்டும், குடியினர் தெரிவு செய்யவும் வேண்டும் (கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும், அது வேறு கதை). இதை ஈட்டிய அந்தஸ்து என்பதா?

அடுத்தது வகிபாகம், அதாவது ஓர் அந்தஸ்தில் இருப்பவரிடம் எதிர்பார்க்கும் நடத்தை. எனக்குத் தெரிந்த வண்ணக்கர் ஒருவர் பாடசாலை அதிபரும்கூட. திருவிழாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு தாய் பிள்ளையின் அனுமதி பற்றிக் கேட்டார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "திங்கட்கிழமை ஒபிசுக்கு வாங்க பிள்ள" என்றார். குரலே மாறிவிட்டது! இரண்டு அந்தஸ்துகள் மோதுவதால் இது வகிபாக முரண்பாடுதானே? ஒரே அந்தஸ்துக்குள் வரும் இழுபறியைத்தான் வகிபாக அழுத்தம் என்கிறார்கள். பிறர் பார்க்கும்போது ஒரு மாதிரி, பார்க்காதபோது ஒரு மாதிரி நடப்பதைச் சொல்லும் சமூகவியலாளர் கொஃப்மனின் முன்மேடை, பின்மேடையையும் இதற்குள் இழுக்கலாமா? எனக்கென்னவோ அது தேவையில்லை என்றுதான் படுகிறது.

அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் குடிகள், மரைக்காயர் (பள்ளிவாசல் நிர்வாகி) தெரிவு பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள், ஒப்பிட உதவும். தமிழ்க் குறிப்புகள் இருந்தால் படமெடுத்துப் போட்டாலே போதும்.